டைப்பம்மாவின் பதினான்கு வரிகள்

1

“நான் அப்படிச் சொல்லவே இல்ல. நான் சொன்னது என்னன்னா—”

[சொன்னீங்க.]

“முழுசாக் கேளேன்! எழுதறதுக்கு முன்னாடி கேளு. அம்மா நல்லா இருக்கா, நீ வேலையை விட்டுட்டு அலையாதன்னுதான் அவகிட்ட—”

[நான் என்ன எழுதிக் குடுத்தேன்?]

“அதைத்தான் நானும் கொஞ்சம் பதமா—”

[என்ன எழுதிக் குடுத்தேன்னு கேட்டேன்.]

“சிலேட்டைக் கீழ வை. எல்லாரும் பார்க்கறாங்க.”

[பார்க்கட்டும். வரச் சொல்லுங்கன்னு எழுதினேன். ஒரு தடவை இல்ல. ஒவ்வொரு வாரமும் எழுதினேன்.]

“கத்தாதே!”

இந்தக் கதை அந்தக் கடைசிச் சொல்லில் பிறந்தது. காது சோதனைக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நடையில் நீளமான பெஞ்சு. என் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆணின் குரல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பதில் குரல் எதுவும் வரவில்லை. சரி, என் காது போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன். “கத்தாதே” என்றதும் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் நான்கு விரல் உயரம். அவர் சொன்னது சரிதான், அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள், இருவரும் எழுந்து போய்விட்டார்கள். என் கையில் இருப்பது அவ்வளவுதான். அவர் பேசிய பாதி நிஜம். சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் பாதியை நான் போட்டேன். இனி வருவதெல்லாம் நான் போட்டதே.

எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும், சில சமயம் வராமலே போய்விடும். அப்படிப்பட்டவளிடம் பேச முடியாத ஒருத்தி வந்து மாட்டிக்கொண்டாள். அதனால் ஓர் ஏற்பாடு: அவள் சிலேட்டில் எழுதுவது சதுர அடைப்புக்குறியில் வரும். என் குறுக்குப் பேச்சு வட்ட அடைப்புக்குறியில் வரும். (இப்படி.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஏழு மாதமாக அந்த வீட்டில் ஒரே ஒரு குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று மௌனத்தின் ஆழத்தில்

(வேண்டாம். “ஆழமும் இல்ல, மண்ணும் இல்ல, தொண்டையில ஆபரேஷன்” என்று அவள் சிலேட்டாலேயே என்னை அடிப்பாள்.)

இரண்டாம் முயற்சி:

வேர்ட் பிராசசர் என்பது தட்டச்சுப் பொறிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. அதில் எழுதலாம், அழிக்கலாம், வரியை இடம் மாற்றலாம், கடைசியில் பிரிண்டருக்கு அனுப்பலாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கணக்குப் போடாது, படம் காட்டாது.

(இது பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இருக்கட்டும். இந்த இயந்திரம் இல்லாமல் கதை நகராது.)

மூன்றாம் முயற்சி, ஆட்களிலிருந்து:

தெருவில் அவரைப் புரூஃப் சார் என்பார்கள். முப்பத்தொரு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகை வந்தால் வாழ்த்துவதற்கு முன்னால் பென்சிலைத் தேடுவார். அவர் மனைவி டைப்பம்மா. வீட்டு முன்னறையில் அந்த வேர்ட் பிராசசரை வைத்துக்கொண்டு மனு, ஆய்வேடு, வாடகை ஒப்பந்தம் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். அடித்து முடித்ததும் அவள் சத்தமாகப் படிப்பாள். “அன்புள்ள ஐயா, கமா, அடுத்த வரி, கீழே கையெழுத்திட்டுள்ள நான், கமா…” என்று புள்ளி கமா சகிதம். அவர் எதிரே உட்கார்ந்து மூலத்தில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். அந்த வீட்டில் குரல் அவளுடையது, கண் அவருடையது. வேலை அப்படிப் பிரிந்திருந்தது.

குரல் போயிற்று. அவர்களுக்கு ஒரே மகள். தொலைவில் ஒரு துறைமுகத்தில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடைக்குப் பொறுப்பாளர். ஒன்பது வருஷம் சீட்டுக் கிழித்த பிறகு கிடைத்த பொறுப்பு. அது கிடைத்த வாரம்தான் அம்மாவுக்கு ஆபரேஷன். முதல் ஒரு வருஷம் சோதனைக் காலம். அதில் மொத்தமாக இரண்டு நாளுக்கு மேல் லீவு போட்டால் அந்த வருஷத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள்.

அந்த இரண்டு நாளைக்கு வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுத அழுகையில் டைப்பம்மா சிலேட்டை வாங்கி எழுதினாள்: [இவ அழறதை என்னால பார்க்க முடியல. போகச் சொல்லுங்க.] புரூஃப் சார் சொன்னார். மகள் போனாள்.

டைப்பம்மா வீடு திரும்பிய பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குப் போன் வரும். டைப்பம்மா எழுதுவாள்: [வந்துட்டுப் போகச் சொல்லுங்க.] அவர் ரிசீவருக்குள் சொல்லுவார்: “அம்மா நல்லா இருக்கா. உன்னை அலைய வேணாங்கறா.”

ஒரு ஞாயிறு இல்லை. இருபத்தாறு ஞாயிறு. இத்தனை தடவை கூப்பிட்டும் வராதவளுக்குக் கடிதம் வேறா என்று டைப்பம்மா தபாலில் எழுதவும் இல்லை.

பிறகு மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புரூஃப் சார் தண்ணீர் வரி கட்டப் போயிருந்த நேரம். ‘அம்மா, உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கலைன்னு அப்பா சுத்தி வளைச்சுச் சொல்றார். சரி. உனக்கு எப்போ தோணுதோ அப்போ சொல்லு.’ டைப்பம்மா அதை மூன்று தடவை படித்தாள். அன்று மதியம் ஆஸ்பத்திரி பெஞ்சில் நடந்ததுதான் நீங்கள் முதலில் கேட்டது.

3

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு ஒரு பெட்டியைப் பத்து நாள் இரவலாகக் கொடுத்தார்கள். செருப்புப் பெட்டி அளவு. முன்னால் சல்லடை மாதிரி ஓட்டைகள், பின்னால் ஒயர் சொருகும் இடம். எழுத்தை அனுப்பினால் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும். “வீட்டுல டைப் பண்ற மெஷின் ஏதாவது இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். இவர்கள் வீட்டில் இல்லாமல் வேறு யார் வீட்டில் இருக்கும்?

ஞாயிறு காலை. போன் நடையில் இருந்தது, அதன் ஒயர் முன்னறை வரை எட்டவில்லை. மேஜையை நடைக்கு இழுத்தார்கள். தரையில் இரண்டு கோடு விழுந்தது.

[தூக்குங்கன்னா இழுக்கறீங்க.]

“நீ ஒரு கையால எழுதிக்கிட்டே தூக்கினா வேற எப்படி?”

பெட்டியோடு எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு வந்திருந்தது. புரூஃப் சார் முதலில் பென்சிலை எடுத்தார், பிறகுதான் ஒயரை. ஒயர் சொருகுவதற்குள் பதினோரு பிழை கண்டுபிடித்துவிட்டார்.

வேர்ட் பிராசசரில் வெளிச் சாதனம் என்று ஒரு பக்கம் உண்டு. ஒயரில் எழுத்து எப்படிப் போக வேண்டும் என்பதற்கு ஐந்தே வரி. வேகம், பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட், ஹேண்ட்ஷேக். ஒயரின் இந்தப் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறதோ அதுவே அந்தப் பக்கத்திலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாது.*

*(இந்த இடத்தில் கணவன் மனைவி பற்றி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன். ஒயரை ஒயராகவே விடுவோம்.)

இந்தத் தடவை வேலை தலைகீழாயிற்று. அவர் கையேட்டைச் சத்தமாகப் படித்தார், அவள் விசையைத் தட்டினாள். முதலில் எதையும் மாற்றாமல் ‘வணக்கம்’ என்று அடித்து பிரிண்ட் விசையை அழுத்தினாள்.

“கர்ர்ர்ர்” என்றது பெட்டி.

“சளி பிடிச்சிருக்கு.”

[வேகத்தைப் படிங்க.]

“ஆயிரத்து இருநூறு. நம்ம மெஷின்ல?”

[ஒன்பதாயிரத்து அறுநூறு. பிரிண்டருக்கு வச்சது.]

“அதான் மூச்சு வாங்குது.”

வேகத்தை மாற்றினார்கள். இப்போது பெட்டி ஏதோ ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, மிகுந்த மரியாதையோடு சொல்ல ஆரம்பித்தது.

“என்ன இது, இங்கிலீஷ்ல திட்டுது?”

[ஏழு பிட் வச்சிருக்கு. தமிழ் எழுத்துக்கு எட்டு வேணும்.]

“நான் வைக்கல. அதுவா வச்சிருந்துது.”

[இந்த வீட்டுல எல்லாம் அதுவாத்தான் நடக்கும்.]

அவர் அடுத்த வரிக்குப் போனார். பாரிட்டி இல்லை. ஸ்டாப் பிட் ஒன்று. அவள் மறுபடி அழுத்தினாள்.

“பக்கம் ஒன்று. வணக்கம். பக்கம் ஒன்று. வணக்கம்” என்றது பெட்டி. ரயில் நிலையத்தில் தாமதத்துக்கு வருந்துகிறவரின் குரல். கனமான ஆண் குரல்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘பக்கம் ஒன்று’ எங்கிருந்து வந்தது என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பாவம், இயந்திரம் இன்னும் காகிதத்தில் அச்சடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. தாளின் தலையில் பக்க எண் போடுகிறது. மனுவுக்கு எப்போதும் இரண்டு பிரதி வேண்டும் என்று அவர்தான் எப்போதோ ‘பிரதி இரண்டு’ என்று வைத்திருந்தார்.

[ஆம்பளக் குரல்!]

“கௌரவமா இருக்கே.”

[உங்க குரலை விட நல்லாதான் இருக்கு.] பிறகு விசையில் அடித்தாள். பெட்டி கேட்டது: “பக்கம் ஒன்று. காது கேக்குதா? பக்கம் ஒன்று. காது கேக்குதா?”

“கேக்குது. கேக்குது” என்றார் அவரும்.

டைப்பம்மா சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் இரண்டும் குலுங்கின. கடிதம் வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. புரூஃப் சாருக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே இதெல்லாம் ஆறிப்போய்விடும் என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

(எனக்கும் தோன்றியது. இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல குடும்பக் கதை. ஆனால் அந்தப் போன் இருக்கிறது, நாலு மணி இருக்கிறது.)

4

பக்க எண்ணை எடுத்தார்கள், பிரதியை ஒன்றாக்கினார்கள். டைப்பம்மா மேஜையில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். பதினொன்றரைக்குப் பதினான்கு வரி முடிந்தது. எழுந்து குளிக்கப் போனாள்.

திரையில் எழுத்து இருந்தால் புரூஃப் சாரால் படிக்காமல் இருக்க முடியாது.

‘நான் அம்மா பேசறேன். குரல் என்னோடது இல்ல, பெட்டியோடது. ஏழு மாசமா நீ எட்டிப் பார்க்கல. இப்படி ஒரு பொண்ணைப் பெத்தோமேன்னு நெனச்சு நெனச்சுக் குமுறிக்கிட்டு இருந்தேன். அது தப்புன்னு உன் லெட்டர் வந்த அப்புறம்தான் தெரிஞ்சுது. வா வான்னு நான் எழுதிக் குடுத்ததை எல்லாம் உங்க அப்பா வராதேன்னு மாத்திச் சொல்லியிருக்கார்…’

இப்படிப் போய், ‘உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, கண்ணு’ என்று பதினான்காவது வரியில் முடிந்தது. ஒரு பிழை இல்லை.

அவர் கையில் கையேடு ஆறாம் பக்கத்தில் விரிந்திருந்தது. ‘பெட்டியின் நினைவில் இரண்டு வரிகளே கொள்ளும். எழுத்து வேகமாக வரும், பெட்டி மெதுவாகவே பேசும். ஆகவே நிரம்பியதும் பொறு என்று பெட்டி இயந்திரத்துக்குச் சொல்லும். காலியானதும் தொடர் என்று சொல்லும். இயந்திரம் இதைக் கேட்டு நடக்க, ஐந்தாம் வரியில் ஹேண்ட்ஷேக் உண்டு என மாற்றவும். மாற்றாவிட்டால் மீதி எழுத்துகள் இழக்கப்படும்.’

இயந்திரத்தில் ஐந்தாம் வரி: ஹேண்ட்ஷேக், இல்லை.

‘வணக்கம்’, ‘காது கேக்குதா’ எல்லாம் சின்ன வாக்கியம், அதனால் தெரியவில்லை. பதினான்கு வரி போனால் இரண்டு வரி பேசும். மீதிப் பன்னிரண்டும் கீழே கொட்டிவிடும்.

இந்த மனிதரைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் ஆறாம் பக்கத்தைப் படிக்கவே இல்லை. — எட்டுப் பக்கத்தில் பதினோரு பிழை பிடித்தவர் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டாரா? நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

(ஆ) படித்தார். மாற்றக் கை எடுத்தபோது வாசலில் யாரோ வாடகை ஒப்பந்தம் வாங்க வந்து, பேச்சில் பேச்சாக — யார் அந்த ‘யாரோ’? அவரைக் காப்பாற்ற நானே அனுப்பிய ஆள். போகச் சொல்லிவிட்டேன்.

(இ) படித்தார், புரிந்தது. ஐந்தாம் வரிக்குப் போனார். விசைமேல் விரலை வைத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

எழுதி முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கேட்டேவிட்டேன்.

“ஏன் சார் மாத்தல?”

“நான் எதையும் தொடலைங்கம்மா.”

“அதைத்தான் கேக்கறேன்.”

“தொட்டாத்தானே தப்பு?”

“இருபத்தாறு வாரம் தொட்டீங்களே, சார்?”

“அவ வேலைக்குத்தான். லீவு போட்டு வந்தா வருஷம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைச்சது.”

“இருபத்தாறு வாரமும் வேலைக்குத்தானா?”

பென்சிலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“முதல் பத்துப் பன்னிரண்டு வாரம் அதுக்குத்தான். அப்புறம்… அப்புறம் நிறுத்தத் தெரியல. இப்ப வான்னு சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாளே? சின்ன வயசுல அம்மா திட்டினா எங்கிட்டதான் ஓடி வருவா. நான் அவளுக்கு ஒண்ணு சொல்லுவேன், இவளுக்கு ஒண்ணு சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் நான் நல்லவன். எனக்கு வேற என்னங்கம்மா இருக்கு?”

அதற்கு மேல் எனக்குக் கேட்க மனம் வரவில்லை. ஒன்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கலாம். தன்னைப் பற்றிய வரிகள் விழுந்துபோகும் என்று கணக்குப் போட்டார். விழுந்தது போக மீதி எப்படி ஒலிக்கும் என்று அவர் படித்துப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு வரியை வெட்டிய பிறகு அவர் பக்கத்தைத் திரும்பப் படிக்காதது அன்று ஒரு நாள்தான்.

5

நாலு மணிக்குப் போன் அடித்தது.

புரூஃப் சார் எடுத்தார். “நான்தான்… நல்லா இருக்கோம். இங்க பாரு, அம்மா இன்னைக்கு உங்கிட்டப் பேசப்போறா.”

“என்னப்பா சொல்றீங்க? குரல் வந்துடுச்சா?”

“குரல் இல்ல. ஒரு பெட்டி. இரு, நீயே கேளு.”

ரிசீவரைப் பெட்டியின் ஓட்டைகளுக்கு முன்னால் சாய்த்து வைத்தார். டைப்பம்மா அழுத்தினாள்.

பெட்டி கனத்த குரலில் சொன்னது: “நான் அம்மா பேசறேன். குரல் என்னோடது இல்ல, பெட்டியோடது. ஏழு மாசமா நீ எட்டிப் பார்க்கல. இப்படி ஒரு பொண்ணைப் பெத்தோமேன்னு நெனச்சு நெனச்”

நின்றுவிட்டது.

டைப்பம்மா பெட்டியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். திரையில் பதினான்கு வரியும் இருந்தன. ஒயரை ஒரு தடவை அழுத்தினாள். இயந்திரம் தடுமாறினால் மறுபடி பிரிண்ட் கொடுப்பதுதான் அவள் பழக்கம். மறுபடி கொடுத்தாள்.

“நான் அம்மா பேசறேன். குரல் என்னோடது இல்ல, பெட்டியோடது. ஏழு மாசமா நீ எட்டிப் பார்க்கல. இப்படி ஒரு பொண்ணைப் பெத்தோமேன்னு நெனச்சு நெனச்”

புரூஃப் சார் ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. தூரத்தில் ஒரு லாரி ஹாரன்.

“அப்பா.” குரல் உடைந்திருந்தது. “அம்மா இப்படியாப்பா நெனைக்கறா?”

[என்ன சொல்றா?] டைப்பம்மா சிலேட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவளுக்கு ரிசீவர் சத்தம் கேட்கவில்லை. [என்ன சொல்றா?]

(பழக்கம் எளிதில் போகாது. ‘நல்லா இருக்கியான்னு கேக்கறா’ என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. நான் முதலில் அப்படித்தான் எழுதினேன். அடித்துவிட்டேன். அவரே அடித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

“‘அம்மா இப்படியா நெனைக்கறா’ன்னு கேக்கறா” என்றார்.

டைப்பம்மாவின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. ஒடிந்த துண்டால் எழுதினாள்: [இல்லன்னு சொல்லுங்க. இல்ல இல்ல இல்ல]

“இல்லங்கறா. அம்மா இல்லங்கறாம்மா.”

“நீங்க சொல்றீங்களா, அவ சொல்றாளா?”

இந்தக் கேள்வியை இருபத்தாறு வாரம் யாரும் கேட்டதில்லை. அவர் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். மகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரல் கொஞ்சம் மாறியது. லாரிக்காரர்களிடம் பேசுகிற குரல்.

“அப்பா, ரெண்டு தடவையும் ஒரே எடத்துல நின்னுது. ‘நெனச்’சோட. அம்மா பாதி வார்த்தையில நிறுத்தற ஆள் இல்ல.”

“ஆமா.”

“இங்க எடைச் சீட்டு இப்படித்தான் நிக்கும். லாரி நம்பர் வரும், எடை வராது. அந்தப் பெட்டிக்கு மெஷின்ல என்ன வச்சிருக்கீங்க? வரிசையாப் படிங்க.”

அவர் திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மூலத்தோடு ஒத்துப்பார்க்கிற குரலில் படித்தார். “வேகம், ஆயிரத்து இருநூறு.”

“சரி.”

“பிட், எட்டு. பாரிட்டி, இல்லை. ஸ்டாப் பிட், ஒண்ணு.”

“சரி. அஞ்சாவது?”

ஒரு சொல்தான். ‘உண்டு’ என்று சொல்லிவிட்டால் போதும். பெட்டி கெட்டுப்போச்சு என்று ஆகிவிடும். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம்.

“அப்பா? அஞ்சாவது ஹேண்ட்ஷேக். என்ன இருக்கு?”

டைப்பம்மாவும் அந்த நேரம் காரணத்தைத் தேடிக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆறாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. பெட்டியின் நினைவில் இரண்டு வரி, மாற்றாவிட்டால் இழக்கப்படும். அந்த வாக்கியத்தின் நடுவில் விட்டுப்போன ஒரு கமாவைப் பென்சிலால் போட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு கோடும் இழுத்திருந்தது. முப்பத்தொரு வருஷமாக அவர் இழுக்கிற கோடு.

சிலேட்டில் மெதுவாக எழுதினாள். இந்தத் தடவை எழுத்து சின்னதாகவே இருந்தது.

[இந்த கமா போட்டது யாரு?]

அவர் அதைப் படித்தார். ரிசீவர் காதிலேயே இருந்தது.

“இல்லைன்னு இருக்கும்மா” என்றார் மகளிடம். “காலையிலேயே பார்த்தேன். மாத்தணும்னு தெரியும். தெரிஞ்சே விட்டேன்.”

“ஏன்?”

“மூணாவது வரியிலேர்ந்து என்னைப் பத்தி இருந்துது. அம்மா உன்னை—”

மேஜைமேல் ஓர் அடி விழுந்தது. டைப்பம்மா உள்ளங்கையால் அடித்திருந்தாள். [நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்.]

6

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரூஃப் சார் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து ஐந்தாம் வரியை ‘உண்டு’ என்று மாற்றினார். மாற்றியதை அவள் தானும் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு பதினான்கு வரியையும் அழித்தாள்.

ஏன் அழித்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. “இருக்கறதை அப்படியே அனுப்பேன், இப்ப முழுசாப் பேசும்” என்று அவரே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ‘இப்படி ஒரு பொண்ணைப் பெத்தோமே’ என்ற வரியை மகள் மூன்றாம் தடவை கேட்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

புதிதாக அடித்தாள். கொஞ்சம்தான். அடிக்கும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, “லைன்ல இரும்மா, அம்மா அடிச்சுக்கிட்டு இருக்கா” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். பெட்டி பேசி முடித்ததும் ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மகள் சொல்லப்போவதை இனி அவர் வழியாக யாரும் கேட்க வேண்டியதில்லை.

மகளின் பதிலை நான் எழுதாமல் இல்லை. ஒரு தடவை, “நாளைக்குக் காலைல வண்டி ஏறறேன்” என்றாள். அப்போது ஒன்பது வருஷக் காத்திருப்பை நான் ஊதித் தள்ளியது போலிருந்தது. இன்னொரு தடவை, “அஞ்சு மாசம் பொறும்மா, வருஷம் முடியட்டும்” என்றாள். அது நியாயம்தான், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த டைப்பம்மாவின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. மூன்றாம் தடவை, “அப்பாகிட்டக் குடு” என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் எழுத எனக்குப் பயமாக இருந்தது. மூன்றிலும் பேசியது நான்தான், அவள் இல்லை.

ஒருவர் சொல்ல வேண்டியதை இன்னொருவர் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொல்லிவிட்டு, நானே அதைச் செய்யலாமா? எடைமேடை அறையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று பாருங்கள். வெளியே மூன்று லாரி காத்திருக்கிறது. சோதனைக் காலம் இன்னும் ஐந்து மாதம். பதில் உங்களுடையது.

டைப்பம்மா பிரிண்ட் விசையை அழுத்தினாள். பெட்டி ஒரு சொல்கூட விடாமல், நிதானமாக, அந்தக் கனத்த ஆண் குரலில் சொன்னது:

“போன்னு நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் ஆஸ்பத்திரியில நீ அழுதப்ப. அப்புறம் வாராவாரம் வான்னுதான் எழுதினேன், அது உங்கிட்ட வந்து சேரல. யாரு மாத்தினதுன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். அவரோட சண்டை போட எனக்கு ஒரு ஆள் வேணும், கண்ணு. வர்றியா?”